31-ஆம் எண் ஜெர்சி யாருடையது? வீடியோ கேமும் கல்லூரி வீரர்களின் சாயல் உரிமையும்

2008-ஆம் ஆண்டில் ஒரு நாள் எட் ஓபேனன் தம் நண்பரின் வீட்டுக்குப் போனார். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தைப் பின்தொடர்ந்தவர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் அறிந்திருந்த பெயர் அவருடையது. லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தை யு.சி.எல்.ஏ. என்று சுருக்கி அழைப்பார்கள். அந்த அணி 1995-இல் தேசியச் சாம்பியன் ஆனபோது இறுதியாட்டத்தில் 30 புள்ளிகள் எடுத்துக் கொடுத்தவர் இவர். ஆனால் தொழில்முறை ஆட்டம் அவருக்கு நெடுநாள் கைகொடுக்கவில்லை. தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.வில் இரண்டே பருவங்கள், பிறகு சில ஆண்டுகள் வெளிநாட்டு அணிகள், அதன்பின் லாஸ் வேகஸ் பக்கம் கார் விற்கும் வேலை என்று வாழ்க்கை போயிற்று.

ஒரு வீடியோ கேமில் அவர் இருப்பதாக நண்பரின் மகன் சொன்னான். போட்டுக் காட்டவும் செய்தான். திரையில் யு.சி.எல்.ஏ. உடையில் ஒருவர் ஆடிக்கொண்டிருந்தார். மழித்த தலை, இடக்கைப் பழக்கம், ஜெர்சியில் 31. கல்லூரியில் ஓபேனன் அணிந்த எண் அது. ஜெர்சியில் பெயர் மட்டும் இல்லை. இதைச் செய்யலாமா என்று அவரை யாரும் கேட்டதில்லை. அந்த விளையாட்டு கடைகளில் விலைக்கு விற்றுக்கொண்டிருந்தது. அதிலிருந்து அவருக்கு ஒரு காசும் வரவில்லை.

மறு ஆண்டு ஜூலையில் அவர் வழக்குத் தொடுத்தார். அதே ஆண்டு மே மாதத்திலேயே சாம் கெல்லர் என்ற இன்னொரு வீரர் நீதிமன்றம் போயிருந்தார். இந்த வழக்குகளும் இவற்றோடு சேர்ந்து வந்த வேறு சிலவும் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் நூறாண்டு ஏற்பாட்டையே ஆட்டிவைத்தன. அதைப் புரிந்துகொள்ள 'சாயல்' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டால் போதும்.

பெயர் இல்லாவிட்டால் ஆள் இல்லையா?

மாலை மங்கும் நேரத்தில் தெருமுனையில் ஒருவர் திரும்புகிறார். முகம் தெரியவில்லை. ஆனாலும் திண்ணையில் இருப்பவர், "அதோ, சித்தப்பா வருகிறார்" என்று சொல்லிவிடுவார். தோளைச் சற்றே சாய்த்து நடக்கும் அந்த நடையே போதும். ஒருவரை இன்னார் என்று காட்டிக்கொடுக்கும் இத்தகைய அடையாளங்களின் தொகுப்பைத்தான் சாயல் என்கிறோம். முகம் அதில் ஒரு பகுதி மட்டுமே. உயரம், உடல்வாகு, முடி, குரல், அணியும் எண், பந்தைப் பிடிக்கும் கை எல்லாம் அதில் அடங்கும்.

அமெரிக்கச் சட்டத்தில் ஒருவருடைய பெயரையும் உருவத்தையும் சாயலையும் வணிகத்துக்குப் பயன்படுத்த அனுமதிப்பதும் மறுப்பதும் அவரவர் உரிமை. இதைத் தனி உரிமையாகப் பெயர் சூட்டி நிலைநாட்டிய தீர்ப்பு 1953-இல் வந்தது. சூயிங் கம் பொட்டலத்தோடு பேஸ்பால் வீரர்களின் படஅட்டைகளை விற்ற இரண்டு நிறுவனங்களுக்கு இடையே எழுந்த வழக்கு அது. ஒரு வீரர் தம் படத்தை ஒரு நிறுவனத்துக்கு மட்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கும்போது மற்றொன்று அதை எடுத்துப் பயன்படுத்தலாமா என்பது கேள்வி. கூடாது என்று சொன்ன நீதிபதி ஜெரோம் ஃபிராங்க், ஒருவர் தம் படத்திலிருந்து வரும் வணிகப் பயனைப் பெறுவது, தனிமையைக் காத்துக்கொள்ளும் உரிமையிலிருந்து வேறுபட்ட ஓர் உரிமை என்றார். தமிழ்ச் செய்தித்தாள்கள் 'ஆளுமை உரிமை' என்று எழுதுவது ஏறக்குறைய இதைத்தான்.

பெயரும் முகமும் இல்லாமலே சாயல் இருக்க முடியுமா? இதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டும் வழக்கு 1974-இல் தீர்ந்த ஒன்று. ஒரு சிகரெட் நிறுவனம் தொலைக்காட்சி விளம்பரத்தில் ஒரு பந்தயக் காரைக் காட்டியது. அது லோதர் மோட்சன்பாக்கர் என்ற பந்தய வீரரின் கார். விளம்பரக்காரர்கள் காரின் எண்ணை 11-இலிருந்து 71 ஆக மாற்றினார்கள். ஓட்டுநரின் முகமும் அதில் தெரியவில்லை. ஆனால் காரின் விளிம்பில் ஓடிய அந்தத் தனிப்பட்ட மெல்லிய கோடும், எண்ணைச் சுற்றியிருந்த முட்டைவடிவ வட்டமும் அப்படியே இருந்தன. பந்தயம் பார்ப்பவர்களுக்கு அது யாருடைய கார் என்று கண்டதும் தெரிந்தது. பார்ப்பவருக்கு ஆள் தெரிந்துவிடுகிறதென்றால் அது அவருடைய சாயல்தான் என்ற பக்கமே மேல்முறையீட்டு நீதிமன்றம் நின்றது. ஓபேனனின் 31-ஐ நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கார்தான் நினைவுக்கு வருகிறது.

ஆளைச் செய்த விதம்

எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற நிறுவனம் கல்லூரிக் கூடைப்பந்தையும் கல்லூரி அமெரிக்கக் கால்பந்தையும் ஆண்டுதோறும் வீடியோ கேமாக வெளியிட்டுவந்தது. (நாம் அறிந்த கால்பந்து அல்ல இது, முட்டைவடிவப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டும் வீசிக்கொண்டும் ஆடுவது.) பல்கலைக்கழகங்களின் சின்னம், நிறம், அரங்கம் ஆகியவற்றுக்கு அந்த நிறுவனம் முறைப்படி உரிமம் பெற்றிருந்தது, அதற்குப் பணமும் கொடுத்தது. அந்த நிறத்தை அணிந்து அந்த அரங்கத்தில் ஓடும் மனிதர்களுக்கு மட்டும் உரிமம் பெறவில்லை.

சாம் கெல்லரின் கதையைக் கிட்டத்தில் பார்ப்போம். அவர் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வாங்கி, எங்கே வீசுவது என்று முடிவுசெய்து ஆட்டத்தை நடத்துபவர். முதலில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும் பிறகு நெப்ராஸ்காவுக்கும் ஆடினார். விளையாட்டின் 2005-ஆம் ஆண்டுப் பதிப்பில் அரிசோனா அணியின் குவார்ட்டர்பேக் 9-ஆம் எண் அணிந்திருந்தார். கெல்லரின் எண்ணும் 9. உயரம், எடை, தோல் நிறம், முடியின் நிறம், முடி வெட்டிய விதம், எந்தக் கையால் வீசுகிறார், எந்த மாநிலத்துக்காரர், கல்லூரியில் எத்தனையாவது ஆண்டு, எப்படி நின்று ஆடுவார், தலைக்கவசத்தில் கண்மறைப்பு (வைசர்) போடுவாரா என்பது வரைக்கும் எல்லாம் பொருந்தின. இதை நான் ரசிகர்களின் பேச்சிலிருந்து எடுக்கவில்லை. மேல்முறையீட்டுத் தீர்ப்பிலேயே பட்டியலாக இருக்கிறது.

2008-ஆம் ஆண்டுப் பதிப்பில் கெல்லர் நெப்ராஸ்கா அணிக்கு மாறியிருந்தார். திரையில் இருந்தவரும் மாறினார். மற்ற எல்லாம் ஒத்துப்போயின. எண் மட்டும் பொருந்தவில்லை. ஏனென்றால் பருவம் தொடங்குவதற்குச் சற்று முன்புதான் கெல்லர் தம் எண்ணை மாற்றியிருந்தார் போலும் என்று நீதிமன்றமே ஊகித்தது. அந்த ஒரு பிழை எனக்குப் பெரிய சாட்சியாகத் தெரிகிறது. ஒரு பொதுவான குவார்ட்டர்பேக்கைக் கற்பனையாகப் படைத்திருந்தால் இப்படி ஒரு பிழை வர வழியே இல்லை. உயிருள்ள ஓர் ஆளைப் பார்த்து எழுதியவருக்குத்தான் அந்த ஆள் கடைசி நேரத்தில் செய்த மாற்றம் தெரியாமல் போகும்.

இத்தனை நுணுக்கம் எப்படிக் கிடைத்தது? அணிகளின் உடைகளையும் கருவிகளையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பாளர்களுக்கு நிறுவனம் விரிவான கேள்விப்பட்டியல் அனுப்பியது. கையில் பட்டை கட்டுபவர் யார், கண்மறைப்பு போடுபவர் யார் என்றெல்லாம் தெரிந்தவர்கள் அவர்கள்தானே. கல்லூரியிலிருந்தே விவரம் வந்தது. அந்த விவரத்துக்கு உரியவரிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை.

பெயரைத் தவிர்த்ததோடு, வீரரின் சொந்த ஊரையும் நிறுவனம் வேண்டுமென்றே மாற்றிவைத்தது. மாநிலம் அதேதான், ஊர் மட்டும் வேறு. அதே சமயம் பெயர்ப்பட்டியல்களை வெளியிலிருந்து ஏற்றிக்கொள்ளும் வசதியும் விளையாட்டில் இருந்தது. யாரோ ரசிகர்கள் பொறுமையாகத் தட்டச்சு செய்து வைத்திருந்த பட்டியலை ஏற்றினால், முதுகில் எல்லாருடைய உண்மைப் பெயரும் வந்துவிடும். வாசலைப் பூட்டிவிட்டுச் சாவியைப் பாயின் அடியில் வைப்பது போன்ற ஏற்பாடு இது. பெயரை எடுத்துவிட்டதால் ஆளை எடுத்துவிட்டார்கள் என்று ஆகாது. யாருடைய பெயரை எடுக்கிறோம் என்று தெரிந்திருந்ததால்தானே எடுக்க முடிந்தது?

ஏன் கேட்கவில்லை?

இந்தக் கேள்விக்கு வரும்போதுதான் விஷயம் விளையாட்டு நிறுவனத்தைத் தாண்டிப் போகிறது. நிறுவனம் கேட்டிருந்தாலும், வீரர் பணம் வாங்கிக்கொண்டு சம்மதித்திருக்க முடியாது.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பு என்.சி.ஏ.ஏ. 1906-இல் தொடங்கியது. கல்லூரி வீரர் ஊதியத்துக்கு ஆடுபவர் அல்லர், மாணவர் என்பது அதன் அடிப்படைக் கொள்கையாக இருந்தது. உதவித்தொகையாகக் கல்விக் கட்டணம், தங்குமிடம், உணவு, புத்தகம் ஆகியவை கிடைக்கும். அதற்கு மேல் தம் விளையாட்டுப் புகழை வைத்து ஒரு டாலர் சம்பாதித்தாலும் ஆடும் தகுதி போய்விடும் என்பது 2021 வரை இருந்த விதி. 'மாணவ வீரர்' என்ற சொல்லே 1950-களில், ஆட்டத்தில் அடிபட்டவர்களைத் தொழிலாளர்களாகக் கருதி இழப்பீடு தரவேண்டி வருமோ என்ற அச்சத்தில் அந்த அமைப்பு பரப்பிய சொல்.

ஒவ்வொரு வீரரும் ஆண்டுதோறும் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போடவேண்டியிருந்தது. என்.சி.ஏ.ஏ.வின் போட்டிகளையும் நிகழ்ச்சிகளையும் பிரபலப்படுத்தத் தம் பெயரையும் படத்தையும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற வரி அதில் இருந்தது. பதினெட்டு வயதில், ஆடவேண்டும் என்ற ஒரே நினைப்பில் இருக்கும் ஒரு பையன் எத்தனையோ தாள்களுக்கு நடுவே இதிலும் கையெழுத்திட்டிருப்பான். அது ஒரு வீடியோ கேமுக்கான சம்மதம் ஆகுமா, படிப்பு முடிந்து பத்து ஆண்டு கழித்தும் செல்லுமா என்பதெல்லாம் பின்னால் வழக்காயிற்று. ஓபேனன் நண்பர் வீட்டுத் திரையில் தம்மைக் கண்டபோது அவர் கல்லூரியை விட்டு 13 ஆண்டுகள் ஆகியிருந்தன என்பதை மறந்துவிடக் கூடாது.

தொழில்முறை ஆட்டத்தில் இந்தச் சிக்கல் இல்லை. அதே நிறுவனம் வெளியிடும் தொழில்முறைக் கால்பந்து விளையாட்டில் உண்மையான பெயர்களே இருக்கும். வீரர்களுக்குச் சங்கம் உண்டு. சங்கம் எல்லார் சார்பிலும் மொத்தமாக உரிமம் கொடுத்து, வரும் பணத்தைப் பங்கிடும். அன்று கல்லூரி வீரருக்குச் சங்கமும் இருக்கவில்லை, பேரம் பேச அனுமதியும் இருக்கவில்லை. ஒரே நிறுவனம், ஒரே வகை ஆட்டம். ஒரு பக்கம் பெயரோடும் பணத்தோடும், இன்னொரு பக்கம் இரண்டும் இல்லாமல்.

கருத்துச் சுதந்திரம் என்ற கேடயம்

நீதிமன்றத்தில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வைத்த வாதம் லேசானதல்ல. வீடியோ கேமும் புத்தகம், நாடகம், திரைப்படம் போன்ற ஒரு படைப்புதான். அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் தரும் கருத்துச் சுதந்திரம் அதற்கும் உண்டு என்றது. இதை உச்ச நீதிமன்றமே 2011-இல் வேறொரு வழக்கில் ஒப்புக்கொண்டிருந்தது. அப்படியானால் உண்மை மனிதர்களைப் பற்றி எழுதும் வாழ்க்கை வரலாற்றாசிரியர் ஒவ்வொருவரிடமும் அனுமதி வாங்குவதில்லையே, நாங்கள் மட்டும் ஏன் வாங்கவேண்டும் என்பது வாதம்.

இரண்டு உரிமைகள் மோதும் இடம் இது. அதைத் தீர்க்கக் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 2001-இல் ஓர் அளவுகோலை வகுத்திருந்தது. ஒருவரின் சாயலை எடுத்துப் படைப்பாளி புதிதாக ஒன்றைச் செய்தாரா, அல்லது அந்தச் சாயலையே சரக்காக விற்றாரா என்று பார்ப்பதுதான் அந்த அளவுகோல். மண்ணை எடுத்துப் பானை செய்வது வேறு, மண்ணையே கூடையில் அள்ளி விற்பது வேறு என்று வைத்துக்கொள்ளலாம். அந்த 2001 வழக்கில் ஓர் ஓவியர், 'மூன்று ஸ்டூஜஸ்' என்ற பழைய நகைச்சுவைக் குழுவைக் கரியால் அச்சு அசலாக வரைந்து டி-ஷர்ட்டில் அச்சிட்டு விற்றார். அழகான ஓவியம்தான், ஆனால் மக்கள் வாங்கியது அந்த மூவரின் உருவத்துக்காக. ஓவியர் தோற்றார். 2003-இல் இதே நீதிமன்றம் மறுபக்கம் நின்றது. ஒரு காமிக்ஸில் இரண்டு இசைக் கலைஞர்களை நினைவூட்டும் பாத்திரங்கள், பாதி மனிதன் பாதி புழுவாக வரையப்பட்டிருந்தன. அங்கே சாயல் வெறும் மூலப்பொருள். விளைந்தது புதிய கற்பனை. காமிக்ஸ் நிறுவனம் வென்றது.

கல்லூரிக் கால்பந்து விளையாட்டு இதில் எந்தப் பக்கம்? முதலில் பதில் சொன்னது கிழக்குக் கரையில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம். ரட்கர்ஸ் பல்கலைக்கழகக் குவார்ட்டர்பேக் ரையன் ஹார்ட் தொடுத்த வழக்கு அது. கீழ் நீதிமன்றத்தில் அவர் தோற்றிருந்தார். 2013 மே மாதம் மேல்முறையீட்டில் இருவருக்கு ஒருவர் என்ற கணக்கில் வென்றார். தீர்ப்பின் உள்ளடக்கம் எளிமையானது: நிஜ ஹார்ட் கல்லூரிக் கால்பந்து ஆடினார், திரையிலிருப்பவரும் கல்லூரிக் கால்பந்து ஆடுகிறார்; நிஜ ஹார்ட் அரங்கத்தில் ஆடினார், திரையிலிருப்பவரும் அதே அரங்கத்தின் நகலில் ஆடுகிறார். எதுவும் மாறவில்லை. விளையாடுபவர் விரும்பினால் பாத்திரத்தின் தோற்றத்தை மாற்றிக்கொள்ளலாமே என்று நிறுவனம் சொன்னதை நீதிமன்றம் ஏற்கவில்லை. இரண்டு மாதம் கழித்து, ஜூலை 31 அன்று, மேற்குக் கரையின் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கெல்லர் வழக்கில் இதையே சொன்னது. எந்தக் களத்தில் அவர் புகழ் பெற்றாரோ அதே களத்தில் அவரை அப்படியே மறுபடி உருவாக்கியிருக்கிறார்கள், இதில் மாற்றம் எங்கே என்று கேட்டது.

இரண்டு வழக்கிலும் ஒரு நீதிபதி மாறுபட்டார் என்பதையும் சொல்லியாக வேண்டும். தத்ரூபமாக இருப்பதாலேயே ஒரு படைப்புக்குப் பாதுகாப்பு குறையுமா என்பது அவர்களின் கவலை. வாழ்க்கை வரலாற்றுப் படத்தில் நடிகர் நிஜ மனிதரைப் போலவே தோன்றுகிறாரே, அதையும் தடுத்துவிடுவோமா என்று அந்தக் கவலையை நீட்டிப் பார்க்கலாம். நியாயமான கவலைதான், நான் அதை இலேசாகத் தள்ளமாட்டேன். ஆனால் வாழ்க்கை வரலாறு ஒருவரைப் பற்றி ஏதோ சொல்கிறது. அவர் எதை இழந்தார், எங்கே தவறினார், எப்படி எழுந்தார் என்று ஒரு பார்வையை வைக்கிறது. இந்த விளையாட்டு கெல்லரைப் பற்றி எதையும் சொல்லவில்லை; அவரை எடுத்து நம் கையில் கொடுத்து ஆட்டிக்கொள் என்றது. அவருடைய உழைப்பால் உருவான திறமைதான் அங்கே சரக்கு. அதனால் பெரும்பான்மைத் தீர்ப்பே எனக்குச் சரியாகப் படுகிறது.

ஓபேனன் கேட்டது இன்னும் பெரிய கேள்வி

கெல்லரும் ஹார்ட்டும் 'என் சாயலைத் திருடிவிட்டார்கள்' என்றார்கள். ஓபேனன் வழக்கின் கோணம் வேறு. சாயலை விற்கும் சந்தையையே பூட்டி வைத்திருக்கிறார்கள் என்றது அது. இதற்கு அவருடைய வழக்கறிஞர்கள் எடுத்த கருவி 1890-ஆம் ஆண்டின் ஷெர்மன் சட்டம். எண்ணெய், ரயில் போன்ற தொழில்களின் பெருமுதலாளிகள் தமக்குள் கூடிப்பேசி விலையை நிர்ணயிப்பதைத் தடுக்க வந்த சட்டம் அது.

ஊரில் இருக்கும் எல்லா அரிசி ஆலைகளும் கூடி, நெல்லுக்கு யாரும் பணம் கொடுக்கக் கூடாது, வண்டிக்கூலி மட்டும் கொடுக்கலாம் என்று முடிவு செய்தால் விவசாயிக்கு வேறு வழி இருக்காது. கல்லூரிகள் எல்லாம் என்.சி.ஏ.ஏ. என்ற ஒரே கூரையின் கீழ் சேர்ந்து, வீரரின் சாயலுக்கு விலை பூஜ்யம் என்று வைத்ததும் இதே வகை ஏற்பாடுதான் என்பது வாதம்.

எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 2013 செப்டம்பரில் சமரசத்துக்கு வந்து ஒதுங்கிக்கொண்டது. கல்லூரிகளின் உரிமங்களைக் கவனிக்கும் நிறுவனத்தோடு சேர்ந்து 4 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. மறு ஆண்டு என்.சி.ஏ.ஏ.வும் கெல்லர் வழக்கை 2 கோடி டாலருக்கு முடித்துக்கொண்டது. 6 கோடி என்பது பெரிய தொகையாகக் கேட்கலாம். ஆயிரக்கணக்கான முன்னாள் வீரர்களுக்கும் வழக்கறிஞர் கட்டணத்துக்குமாகப் பிரிந்தபோது ஒவ்வொருவர் கையிலும் வந்தது அதிகபட்சம் சில ஆயிரம் டாலர்தான்.

என்.சி.ஏ.ஏ. மட்டும் ஓபேனனை எதிர்த்துக் கடைசிவரை நின்றது. 2014 ஜூனில் ஓக்லண்டில் மூன்று வாரம் விசாரணை நடந்தது. ஆகஸ்டில் நீதிபதி கிளாடியா வில்கன், இந்த விதிகள் ஷெர்மன் சட்டத்தை மீறுகின்றன என்று தீர்ப்பளித்தார். கல்லூரியில் படிக்க உண்மையில் ஆகும் முழுச் செலவையும் கல்லூரிகள் தரலாம். அதற்கு மேல் ஆண்டுக்கு 5,000 டாலர் வரை ஒதுக்கி, படிப்பு முடிந்தபின் தரலாம் என்றார். 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முதல் பகுதியை ஏற்று, 5,000 டாலர் பகுதியை நீக்கிவிட்டது. வழக்கை எடுக்க உச்ச நீதிமன்றம் 2016-இல் மறுத்தது.

அரைவெற்றி என்று அன்று பலர் எழுதினார்கள். கிடைத்த பணத்தை மட்டும் பார்த்தால் அது உண்மைதான். ஆனால் என்.சி.ஏ.ஏ.வின் விதிகளும் சாதாரண வணிகச் சட்டத்தின் பிடிக்குள் வரும் என்று ஒரு முறை சொல்லியாகிவிட்டது. அந்தக் கதவு வழியாகத்தான் மற்றதெல்லாம் நுழைந்தது.

பதினோரு ஆண்டு இடைவெளி

அந்த வீடியோ கேமுக்கு என்ன ஆயிற்று? 2013 ஜூலையில் வெளிவந்த கால்பந்துப் பதிப்பே கடைசி. கூடைப்பந்து அதற்கும் முன்பே நின்றிருந்தது. ரசிகர்கள் இதைப் பெரிய இழப்பாக உணர்ந்தார்கள். பழைய பிரதிகள் 100 டாலருக்கும் மேல் விலைபோயின. வழக்குத் தொடுத்தவர்கள்மேல் சிலர் கோபப்பட்டார்கள். அந்தக் கோபம் இடம் மாறிப்போனது என்றே நினைக்கிறேன். வீரர்கள் யாரும் விளையாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்றார்கள். கேட்கவும் கொடுக்கவும் விதி இடம்தராததால் விளையாட்டு நின்றது.

விதி மாறியது வேறு பக்கத்திலிருந்து. 2019-இல் கலிபோர்னியா மாநிலம், வீரர்கள் தம் பெயர், படம், சாயலிலிருந்து சம்பாதிப்பதைக் கல்லூரிகள் தடுக்கக் கூடாது என்று சட்டம் இயற்றியது. மற்ற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. 2021 ஜூன் 21 அன்று உச்ச நீதிமன்றம் ஆல்ஸ்டன் என்ற வீரர் பெயரில் வந்த வழக்கில், ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். அது கல்வி தொடர்பான சலுகைகளைப் பற்றியதுதான் என்றாலும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. பத்தே நாளில், ஜூலை 1 முதல், வீரர்கள் தம் சாயலை விற்கலாம் என்று என்.சி.ஏ.ஏ. அனுமதித்தது. அமெரிக்காவில் இதை 'என்.ஐ.எல்.' என்று சுருக்கி அழைக்கிறார்கள். பெயர், உருவம், சாயல் என்ற மூன்று சொற்களின் முதலெழுத்துகள்.

2024 ஜூலை 19 அன்று கல்லூரிக் கால்பந்து வீடியோ கேம் திரும்பி வந்தது. முதல்நிலையில் உள்ள 134 அணிகளும் அதில் இருந்தன. சம்மதிக்கும் ஒவ்வொரு வீரருக்கும் 600 டாலரும் விளையாட்டின் ஒரு பிரதியும் கொடுத்தார்கள். 11,000 பேருக்கும் மேற்பட்டோர் சம்மதித்தார்கள். இந்த முறை முதுகில் பெயர் இருந்தது.

600 டாலர் போதுமா? நட்சத்திரக் குவார்ட்டர்பேக்குக்கும், பருவம் முழுக்க ஓரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஒரே தொகை. அட்டைப்படத்தில் வந்தவர்களுக்குத் தனி ஒப்பந்தம் இருந்தது. மற்றவர்களுக்கு எல்லாம் சமம். ஓரத்தில் இருப்பவருக்கு அது நல்ல செய்தி. நட்சத்திர வீரர்களின் பெயருக்காக விளையாட்டை வாங்குகிறவர்கள் எத்தனை பேர் என்று நினைத்தால், மொத்தத் தொகை குறைவுதான் என்று எனக்குப் படுகிறது. அந்த 2024 பதிப்பு எத்தனை பிரதி விற்றாலும் 600-தான். விற்பனையில் பங்கு இருக்கவில்லை. தொழில்முறை வீரர்களைப் போலக் கூடிப் பேரம்பேச ஒரு சங்கம் இருந்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும். 2014-இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக வீரர்கள் சங்கம் அமைக்க முயன்றார்கள். தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் மறு ஆண்டு அந்த வழக்கில் தலையிட மறுத்துவிட்டது. அன்று அது கைகூடாமல் போனதன் விலை இன்றைக்குத் தெரிகிறது.

ஆனாலும் தொகையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 'வேண்டாம்' என்று சொல்லும் வாய்ப்பு. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆர்ச் மேனிங் என்ற இளம் குவார்ட்டர்பேக் இருந்தார். பெய்டன், ஈலை என்ற இரண்டு பெரும் வீரர்களின் அண்ணன் மகன். ஊரே அவர்மேல் கண்வைத்திருந்தது. விளையாட்டில் சேர அவர் முதலில் சம்மதிக்கவில்லை. அதற்காக அவருடைய உயரத்தையும் எடையையும் எண்ணையும் எடுத்து, பெயரை மட்டும் விட்டுவிட்டு ஓர் உருவத்தை யாரும் செய்து வைக்கவில்லை. ஜூலையில் கடைக்கு வந்த விளையாட்டில் அவர் இல்லை. ஆகஸ்டில் அவர் சரி என்று சொன்னார், அதன்பிறகே சேர்த்தார்கள்.